மதகு காத்த மரபு: ஏரி நாட்டிலிருந்து பாகான் டத்தோ வரை

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்கும் அதிகாரம் வான் சிறப்பு ஆகும். இறைவனை வணங்கிய கையோடு மழையைப் போற்றும் இவ்வரிசைக்குத் தமிழ் நிலத்தின் இயல்பிலேயே விளக்கம் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் சராசரி மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றின்போது சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் ஆறுகள் பலவும் வெறும் மணலாகவே கிடக்கும். அத்தகைய நிலத்தில் நெல் விளைவிக்க விரும்பியவன், பெய்த நீரைப் பிடித்து வைக்கவும், பிடித்ததைப் பங்கிடவும் கற்றாக வேண்டியிருந்தது.

அந்தக் கல்வியைத் தமிழர் எவ்வாறு பெற்றனர், அது எதனால் தளர்ந்தது, கடல் கடந்து பேராக் மண்ணுக்கு வந்த அவர்தம் மரபினர் இங்கு எத்தகைய நீரை எதிர்கொண்டனர் என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

ஏரி என்னும் ஏற்பாடு

நீரைத் தேக்குவதில் தமிழகம் கண்ட பெரும் படைப்பு ஏரியாகும். காவிரியின் குறுக்கே கரிகாற் சோழன் அமைத்ததாகப் போற்றப்படும் கல்லணையை உலகமே வியக்கின்றது. ஆயினும், ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர்களே மிகுதி. அவ்வூர்களை வாழவைத்தவை ஏரிகளும் கண்மாய்களுமே. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் மகேந்திர தடாகத்தை அமைத்தான். கூரத்தில் பரமேசுவர தடாகம் உருவாயிற்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து வீரநாராயண ஏரி, இன்று வீராணம் என்ற பெயரில் சென்னை மாநகருக்கும் குடிநீர் தருகின்றது. இவ்வாறு மன்னர்களும் ஊரவைகளும் குறுநிலத் தலைவர்களும் நூற்றாண்டுகளாக வெட்டிச் சேர்த்த ஏரிகள், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 என்று கணக்கிடப்பட்டுள்ளன.

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பப்படும். கரையின் அடியில் நீரை அளந்துவிடும் தூம்பும் மதகும் இருக்கும். மழை மிகுந்து நீர் கரையை மீறும் நிலை வந்தால், மிகை நீர் வழிந்தோடக் கலிங்கு இருக்கும். ஓர் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் வீணாகாது. கீழேயுள்ள அடுத்த ஊரின் ஏரியைச் சென்று நிரப்பும். இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் பல ஏரிகள் தொடர்ந்திருக்கும். மேலூரார் கரையைக் கவனியாது விட்டு உடைய நேர்ந்தால் கீழூராரின் ஏரிக்கும் கேடு விளையும். ஆகவே, ஏரி வைத்திருந்த ஊர் எதுவும் தனித்து வாழ்ந்ததில்லை.

உத்திரமேரூர் ஏரி வாரியம்

மண்கரையைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. அதனைக் காப்பதோ ஆண்டுதோறும் வரும் கடமை. மழைநீரோடு வரும் வண்டல் ஏரியில் படிந்துகொண்டே இருக்கும். அதனை வாராவிட்டால் கொள்ளளவு குறையும். இந்தக் கடமையை யார் செய்வது என்ற வினாவுக்குச் சோழர்கால ஊர்கள் கண்ட விடை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டுள்ளது.

முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது ஏறத்தாழ கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள், அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் முதலானவை இருந்தன. ஏரி வாரியத்துக்கு உறுப்பினர் 6 பேர்; அவர்தம் பணிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவர் ஆகார் என்பது விதி.

ஏரிப் பணிக்குப் பொருள் வந்த வழிகளும் சிந்திக்கத்தக்கவை. ஏரி பராமரிப்புக்கென வரி நீக்கி ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற வருவாய் பாசிப்பாட்டம் ஆகும். செல்வர் பலர் ஊரவையிடம் பொன்னை வைப்பாக அளித்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் குழி தோண்டி வண்டல் வாரச் செய்தனர். ஏரியில் சேறு வாரும் படகுகளுக்கென அறக்கட்டளை வைத்த செய்திகளும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன.

எனினும், வரலாற்றை முழுமையாகக் காண வேண்டும். ஏரி வாரியத்தில் அமர, வரி செலுத்தும் கால் வேலி நிலமேனும் உடையவராக இருத்தல் வேண்டும். வேதம் கற்றவர்க்கு மட்டும் அதிற்பாதி போதும். மண் சுமந்தோர், சேறு வாரியோர், இரவில் விழித்திருந்து மடை திறந்தோர் ஆகிய நிலமற்ற உழைப்பாளர்க்கு அவ்வாரியத்தில் இடமில்லை. நீர் பாய்ச்சும் பணியைப் பிற்காலத்தில் பல ஊர்களில் நீர்க்கட்டிகளே செய்துவந்தனர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் வேண்டும் என்று ஊரில் அனைவரினும் நன்கறிந்த அவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினராகவே இருந்தனர். அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்த இக்குறை, ஏரி மரபின் பெருமையோடு சேர்த்தே நினைக்கத்தக்கது.

ஆலயமும் ஏரியும்

ஏரிக்கும் ஆலயத்துக்கும் இருந்த தொடர்பு நெருக்கமானது. கோயில் நிலம் விளைந்தால்தான் நைவேத்தியமும் விழாவும் நடைபெறும். ஆதலின் கோயில்களே பாசனத்தில் முதலிட்டன. விசயநகரப் பேரரசுக் காலத்தில், 15, 16ஆம் நூற்றாண்டுகளில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு அடியார் அளித்த பொற்காசுகளில் கணிசமான பகுதி, கோயிலுக்குரிய ஊர்களில் கால்வாய் வெட்டவும் ஏரி சீர்செய்யவும் செலவிடப்பட்டது. அதனால் மிகுந்த விளைச்சலே அடியார் பெயரில் இறைவனுக்குப் படையலாயிற்று. காணிக்கை பூட்டிய பெட்டியில் உறங்காமல், மண்ணில் இறங்கி, விளைந்து, மீண்டும் சந்நிதிக்கு வந்தது.

மதுராந்தகத்தில் ஏரிக்கரையை ஒட்டி எழுந்தருளியுள்ள இராமபிரானை ஏரி காத்த இராமர் என்றே மக்கள் வழிபடுகின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸ், கரை உடையும் தறுவாயில் இருந்த மழை இரவில், வில்லேந்திய வீரர் இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்றும், மறுநாள் கரை உடையாதிருக்கவே தாயார் சந்நிதித் திருப்பணியை மேற்கொண்டார் என்றும் தல மரபு கூறுகின்றது. அடியார்க்கு அது இறைவனின் திருவருள். ஊரின் உயிர் ஒரு மண்கரையில் தங்கியிருந்தது என்பதை அம்மரபு தெளிவாக உணர்த்துகின்றது.

பற்றாக்குறையில் பங்கீடு

மழை பொய்த்த ஆண்டில் ஏரி பாதியே நிறையும். அப்போது முறைப்பாசனம் நடைமுறைக்கு வரும். இன்னாருக்கு இன்ன நாள், இத்தனை நாழிகை என்று வரையறுத்து, மடை திறக்கும் பொறுப்பை ஊர் நியமித்த நீர்க்கட்டியிடம் ஒப்படைப்பர். வயலுக்கு உரியவர் தாமே மதகைத் தொடலாகாது.

இலங்கையின் வறண்ட வலயத்தில் பெத்ம என்றொரு வழக்கம் உண்டு. குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் போதாது என்று தெரிந்தால், குளத்தை ஒட்டிய வயல்களில் ஒரு பகுதியை மட்டும் அப்போகத்துக்குத் தேர்ந்து, அதனை எல்லாக் குடும்பங்களுக்கும் தற்காலிகமாகப் பங்கிட்டுக் கொடுப்பர். கடைமடை வயலுக்குரியவனும் அவ்வாண்டு தலைமடையில் பயிரிடுவான். முழு நிலத்திலும் நட்டு முழுதும் கருகவிடுவதைவிட, சிறு நிலத்தில் நட்டுப் பகிர்ந்து உண்பது மேல் என்னும் அறிவு அதில் அடங்கியுள்ளது.

மராமத்து நின்ற காலம்

ஊரார் கூடி ஆண்டுதோறும் செய்த ஏரிப்பணி குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் இது தளர்ந்தது. ஏரிப் பராமரிப்புக்கென இருந்த மானியங்கள் பல இடங்களில் வருவாய்க் கணக்கில் சேர்க்கப்பட்டன. வரி தண்டும் அதிகாரம் அரசிடம் சென்றபின், சேறு வாரும் கடமை மட்டும் ஊரிடம் தங்கியது. பணிக்கு வராதோரைக் கட்டாயப்படுத்த 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. தாமாகச் செய்துவந்த ஒன்றுக்குச் சட்டம் தேவைப்பட்டதே மரபு தளர்ந்ததற்குச் சான்றாகும்.

ஆங்கிலப் பொறியாளர் யாவரும் இதனை உணராதவர் என்று கூறுதல் நேர்மையாகாது. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் நுட்பத்தைக் கல்லணையிலிருந்தே கற்றதாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டவர். ஆனால் பேரணைகளுக்குக் கிடைத்த கவனம் சிற்றூர் ஏரிகளுக்குக் கிடைக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர்.

விடுதலைக்குப் பின்னரும் நிலை உடனே மாறவில்லை. ஆழ்கிணறும் மின்விசைப் பம்பும் வந்தபின், வசதி உடையோர்க்கு ஏரியின் தேவை குறைந்தது. ஏரி உட்புறங்களில் ஆக்கிரமிப்பும் சீமைக் கருவேலமும் பெருகின. 1960களில் ஏறத்தாழ 9 இலட்சம் ஹெக்டேராக இருந்த ஏரிப்பாசனப் பரப்பு பின்னர் பெரிதும் சுருங்கிவிட்டது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஏரி சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது, மறந்த பாடத்தை மீண்டும் படிக்கத் தொடங்கியதற்கு அறிகுறியாகும்.

பேராக்கின் பாசன வரலாறு

தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தோரில் பெரும்பாலோர், நிலமற்ற உழைப்பாளரும் சிறு குடியானவரும் ஆவர். 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தபின் கங்காணி முறை வலுத்தது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் வருகையைத் தடைசெய்யும் வரை இந்த ஓட்டம் தொடர்ந்தது. சேறு வாரவும் கரை கட்டவும் தெரிந்த கைகளே ரப்பர்க் கத்தியையும் மண்வெட்டியையும் பிடித்தன.

மலாயாவின் முதல் பெரும் பாசனத் திட்டம் இப்பேராக் மாநிலத்திலேயே அமைந்தது. வடக்கே கிரியான் வட்டாரத்தில் குராவ் ஆற்றைத் தடுத்துப் புக்கிட் மேராவில் நீர்த்தேக்கம் கட்டி, 1906ஆம் ஆண்டில் அத்திட்டத்தை நிறைவு செய்தனர். அதற்கு முன் கிரியான் நெல்வயல்கள் வானத்தையே நம்பியிருந்தன. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தோற்றுவிக்கப்பட்டது. தெலுக் இந்தானை அடுத்த சுங்கை மானிக் திட்டமும் 1930களில் உருவானதே.

மழை மிகுந்த இந்நாட்டிலும் நீர்ப் பஞ்சம் உண்டு என்பதை 1978ஆம் ஆண்டு உணர்த்தியது. 1970இல் நிறைவுற்ற கெடாவின் மூடா திட்டத்தில், அணைகளில் நீர் குறைந்தமையால் அவ்வாண்டின் முதற்போக நெல் சாகுபடி கைவிடப்பட்டது. அந்த நெருக்கடிக்குப் பின், நாற்றங்காலும் நடவும் இன்றி வயலிலேயே விதைக்கும் நேரடி விதைப்பு முறை அங்கே விரைந்து பரவியது. வடிகாலில் வெளியேறும் நீரை இறைத்து மீண்டும் வயலுக்கே அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது.

பாகான் டத்தோவின் நீர்

பேராக் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் பெர்ணம் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் இடையே, மலாக்கா நீரிணையை நோக்கி நீண்டிருக்கும் தாழ்நிலமே பாகான் டத்தோ வட்டாரமாகும். ஹிலிர் பேராக்கின் பகுதியாக இருந்த இது, 2017ஆம் ஆண்டில் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமாயிற்று. ஊத்தான் மெலிந்தாங், சிலேக்கோ, சுங்கை சுமுன், ரூங்கூப் எனத் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த ஊர்களைக் கொண்டது. 1906இல் டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டமும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே.

ஏரி நாட்டிலிருந்து வந்தவர்க்கு இம்மண் தலைகீழான உலகமாகத் தோன்றியிருக்கும். அங்கே நீரைத் தேடினர். இங்கே நீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கடற்களிமண்ணால் ஆன இந்நிலத்தின் பெரும்பகுதி, கடல் பொங்கும் வேளையில் கடல்மட்டத்துக்கும் தாழ்ந்துவிடும். ஆதலின் கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் கரை எழுப்பி, உள்ளே வடிகால்களை வெட்டி, அவை ஆற்றில் சேருமிடத்தில் மதகு வைத்தனர். கடல் வற்றும்போது மதகு திறந்து உள்நீர் வடியும். கடல் ஏறும்போது மதகு மூடி உப்புநீரைத் தடுக்கும். ஜாவானியரும் பஞ்சாரியரும் வெட்டிய பாரிட்டுகளும், தோட்டங்களில் தமிழர் வெட்டிய கான்களும் சேர்ந்தே இந்நிலத்தைப் பயிர்நிலமாக்கின. இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிய அக்கான்களின் ஓரங்களில்தாம் தென்னை வரிசைகள் எழுந்தன. தோட்டந்தோறும் மழைத்தெய்வமாம் மாரியம்மனுக்கு ஆலயமும் எழுந்தது.

ஆயினும், நீரை வடித்துவிடுவதே போதும் என்று எண்ணியது பிழையாயிற்று. மேற்குக் கரையோரக் களிமண்ணின் அடியில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் பொருள் பல இடங்களில் புதைந்துள்ளது. நீரில் மூழ்கியிருக்கும் வரை அதனால் கேடில்லை. கானை அளவுக்கு மீறி ஆழமாக்கி நிலத்தடி நீரை இறக்கினால், காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாக மாறும். வேர் கருகும், விளைச்சல் விழும். இத்தகைய மண்ணில் வடிகாலைப் பெருக்கிய தோட்டங்கள் விளைச்சல் குறையக் கண்டன. பின்னர் கான்களில் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை மீண்டும் உயர்த்தியபோது மரங்கள் தேறின. மழை குறையும் மாதங்களில் கானில் நன்னீர் தங்காவிடில், உப்புநீர் உள்ளே ஊடுருவும் இடரும் உண்டு.

ஆகவே, நீர் மிகுந்த பாகான் டத்தோவிலும் பயிருக்கு உதவும் நன்னீர் அரிதே. மதகை எப்போது திறப்பது, எந்த அளவில் நிறுத்துவது, எந்தக் கானை எந்த மாதத்தில் தூர் வாருவது என்னும் அறிவு, ஏரிக்கரையில் நின்ற நீர்க்கட்டியின் அறிவுக்கு நேரானதாகும். உத்திரமேரூரில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. கான் வெட்டியவர்க்கு அந்நிலம் உரிமையாகவில்லை. மதகைக் காத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை. தோட்டத் துண்டாடலாலும் ஆலைப் பணிகளை நாடிய இடப்பெயர்வாலும் குடும்பங்கள் நகரங்களுக்குச் சென்றுவிட்டன. முதியவர் ஒருவர் மறையும்போது, ஒரு கானின் வரலாறும் உடன் மறைகின்றது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

பழைய அறிவு பழங்கதை ஆகிவிடவில்லை. நெல்வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை. சிறிது காயவிட்டுப் பின் பாய்ச்சினால் போதும் என்பதைத் தமிழ் உழவர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றனர். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் இன்று பரிந்துரைக்கும் முறையும் இதுவேயாகும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பின்னரே பாய்ச்சுகின்றனர். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வர். தமிழ்நாட்டில் பரவிய திருந்திய நெல் சாகுபடியிலும், இளநாற்றை இடைவெளி விட்டு நட்டு, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றியபின் 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்கே நீர் கட்டுகின்றனர். தோட்டப் பயிர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் வந்துள்ளது.

இவை யாவும் பயனுள்ள கருவிகளே. ஆனால், மேல்வயலான் காயவிடக் கீழ்வயலான் தேக்கினால் எக்கருவியும் பயன் தராது. புதிய முறைகள் நிலைத்த இடங்களில், நீர் எந்நாளில் வரும் என்று உழவர்க்கு முன்கூட்டியே தெரிந்திருக்கின்றது. முறை மீறியவரைக் கேட்கும் துணிவு ஊருக்கு இருக்கின்றது.

வரலாறு தரும் பாடம்

ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, கரையைக் கட்டியவரைவிட ஆண்டுதோறும் தூர் வாரியவராலேயே நீர் நிலைத்தது. இரண்டாவது, கணக்குக் காட்டிய வாரியமே மக்களின் உழைப்பைக் கேட்கும் தகுதியைப் பெற்றது. மூன்றாவது, நீரோடு நிற்பவனின் சொல்லுக்கு அவையில் இடம் தராத ஊர், தன் அறிவில் ஒரு பாதியை இழந்தது. முதலிரண்டையும் முன்னோர் கற்றுத் தந்தனர். மூன்றாவதை அவர்கள் செய்யாது விட்டனர். அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பு இன்றைய தலைமுறைக்கு உரியது.

பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டங்களில் கான் வெட்டியும் மதகு காத்தும் வாழ்ந்த பெரியோர் சிலர் இன்னும் உள்ளனர். அவர்கள் அறிந்த கான்களின் பெயர்களையும் மதகுகளின் இடங்களையும் கரை உடைந்த ஆண்டுகளையும் இளைஞர் கேட்டறிந்து எழுதிவைப்பது, கல்லில் பொறித்த அறத்துக்கு ஒப்பானதாகும். ஆலய வளாகத்துக் கிணற்றையும் வடிகாலையும் மழைக்கு முன் ஆண்டுக்கொருமுறை கூடித் துப்புரவு செய்வது, குடிமராமத்து மரபை இம்மண்ணில் வாழவைக்கும் எளிய தொண்டாகும். காலத்தில் மாரி பொழிந்து, கரைகள் நிலைத்து, காத்தவர் பெயரும் நிலைப்பதாகுக.